நனைந்த இடம்

இன்றிரவு வானத்திலுள்ள தண்ணீரையெல்லாம் பிழிந்து
சஹ்னந்தோர் மேட்டில் ஊற்றினால்
அரை மில்லிமீட்டர் நிற்குமாம்.
திரையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு
"நல்ல ராத்திரி" என்கிறாள் ஒதிலியா.

நான் வால்டிவியாக்காரி.
எங்கள் ஊரில் மழை விருந்தாளி இல்லை, குடித்தனக்காரன்.
நனைந்து வருகிறவளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
அப்படிப்பட்டவள்
காய்ந்த பாலையிலும் ஆகக் காய்ந்த பாலையில் உட்கார்ந்து
தண்ணீர் தேடுகிறேன்,
ஒரு கோடியே நாற்பது லட்சம் ஒளியாண்டு தள்ளி.

அந்த விண்மீன் மண்டலத்துக்குப் பெயர் கிடையாது.
பட்டியலில் ஓர் எண்.
நடுவில் தூசி, கரியை அரைத்துக் கொட்டியது போல.
உள்ளே ஏதோ கொழுந்துவிட்டு எரிகிறது,
வெளியே கசிவதெல்லாம் வெதுவெதுப்பு.
சாத்திய அறைக்குள் சண்டை நடக்கும்போது
கதவில் உள்ளங்கையை வைத்தாற்போல்.

கண்ணுக்குத் தெரிந்த ஒளியை நம்பி எடை போட்டவர்கள்
ஐம்பது லட்சம் சூரியன் என்று எழுதிவைத்தார்கள்.
தூசி முக்கால்வாசியை விழுங்கிவிட்டு
மிச்சத்துக்குக் கணக்கு ஒப்பித்திருக்கிறது,
தட்டில் விரல் வைத்த கடைக்காரன் மாதிரி.

கருந்துளையைத் தூக்கித் தராசில் வைக்க முடியாது.
சுற்றுகிறவற்றைத்தான் விசாரிக்க வேண்டும்.
அங்கே நீராவி சுற்றுகிறது, சற்றே கோணிய தட்டாக.
ஒரு கரை வருகிறேன் என்கிறது,
மறுகரை போகிறேன் என்கிறது,
நொடிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.
அந்த ஓட்டத்தில் எதுவும் தெறித்துப் போகாமல் பிடித்துவைக்க
நடுவில் எவ்வளவு கனம் வேண்டும்?
பள்ளிக்கூடக் கணக்குதான்.
வேகத்தை வேகத்தால் பெருக்கு, பிறகு தூரத்தால்.
அந்த வேகத்துக்கும் தூரத்துக்கும்தான்
நாற்பத்துமூன்று ஆன்டெனா, ஐயாயிரம் மீட்டர் உயரம்,
என் தலைவலி.

சாயங்காலம் டேங்கர் லாரியில் வந்திருந்தார் நெமேசியோ அயாவிரே.
பன்னிரண்டாயிரம் லிட்டர் என்றது சீட்டு.
இருநூறு குறைகிறது என்றார் முகாம் மேலாளர்.
நெமேசியோ வாதாடவில்லை.
மூடியைத் திருகித் திறந்தார்.
நீளக் கம்பியை இருட்டுக்குள் இறக்கி, வெளியே எடுத்து
நனைந்த இடம் முடிகிற இடத்தில் நகத்தை வைத்துக் காட்டினார்.
"இதுக்கு மேல சந்தேகம்னா நீங்கதான் உள்ள குதிக்கணும்."
கையெழுத்து விழுந்தது.

இரண்டே முக்காலுக்கு
அரை ஒன்றாயிற்று. ஒன்று ஒன்றரை.
பொலிவியாப் பக்கமிருந்து மேகம்.
எங்கள் தண்ணீர் எழுந்து வந்து
அந்தத் தண்ணீரின் குரலை மூடியது.
ஒதிலியா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
அப்புறம் ஆன்டெனாக்களைத் திருப்பி நிறுத்தினாள்,
காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்கும் லாமாக்கள் போல
வரிசையில்லாமல், பொறுமையாக.
மேலே பனி விழத் தொடங்கியது.
எங்கள் கையில் இருந்தது நாற்பத்தேழு நிமிடம்.

அதை வைத்து விடிவதற்குள் ஒரு முதல் கணக்கு:
ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் சூரியன்.
பக்கத்தில், கூட்டலும் கழித்தலும் ஒன்றன்மேல் ஒன்றாக,
முப்பது லட்சம்.

முதல் எண்ணை ஒதிலியா கொண்டாடினாள்.
நான் இரண்டாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று
முப்பது லட்சம் சூரியன்கள்.
வால்டிவியாவில் ஒரே ஒரு சூரியனுக்காக
ஆகஸ்டு முழுக்கக் காத்திருப்போம்.

உணவுக்கூடத்தில் நெமேசியோ.
பாதையை மூடிவிட்டார்கள், லாரி போக முடியாது.
ஆனால் மனிதர் முகத்தில் அப்படியொரு களை.
இந்தப் பனி உருகினால் டோகோனாவ் வாய்க்காலில்
அக்டோபர்வரை தண்ணீர் வருமாம்.

எவ்வளவு வரும் என்று கேட்டேன்.

காப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு
மேசைக்கு மேலே உள்ளங்கையை நீட்டி நிறுத்தினார்.
கொஞ்சம் ஏற்றினார்.
யோசித்து,
கொஞ்சம் இறக்கினார்.